மீன் தொட்டி லைட் சிமிட்டுகிறது, விற்றவர் வாய் திறக்கவில்லை: முதலில் எதைப் பார்ப்பது, யாருக்கு எழுதுவது?

கேட்டவர் காட்பாடி காந்தி நகர்க்காரர். வீட்டில் இரண்டடி நீளத்தில் ஒரு செடித் தொட்டி. அதற்கு ஆன்லைனில் 2,800 ரூபாய் கொடுத்து எல்இடி லைட் வாங்கியிருக்கிறார்; வாரண்டி ஒரு வருடம். ஐந்தாவது மாதத்திலேயே தகராறு. போட்டு இருபது நிமிடம் ஆனதும் முழு வெளிச்சத்தில் சிமிட்டுகிறது. டிம் செய்தால் நின்றுவிடுகிறது. இரவில் நீல விளக்கு மட்டும் எரியும்போது தொந்தரவே இல்லை. போதாக்குறைக்கு ஒரு ஓரத்தில் வரிசையாக ஆறு வெள்ளை எல்இடி அடியோடு அணைந்துவிட்டன. செல்லரிடம் சொன்னதற்கு "ரீசெட் செய்து பாருங்கள்" என்று ஒரே ஒரு பதில், அதற்குப் பிறகு பேச்சே இல்லை. வாங்கிய தளத்தின் கஸ்டமர் கேரோ "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, செல்லரைக் கேளுங்கள்" என்கிறது. "நானே திறந்து பார்க்கலாமா அண்ணா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் தம்பி. திறந்தால் வாரண்டி போச்சு. "நீங்களே கை வைத்துவிட்டீர்கள்" என்று சொல்ல செல்லருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். திறக்காமலேயே கண்டுபிடிக்க வேண்டியதில் முக்கால்வாசியைக் கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் லைட்டில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. சிமிட்டுவது அநேகமாக அடாப்டரால். ஆறு எல்இடி அணைந்தது லைட்டுக்குள்ளேயே இருக்கும் பழுது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "லைட் சரியில்லை" என்று மொட்டையாக எழுதினால், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் ரீசெட் செய்யத்தான் சொல்வார்.

முதலில் சிமிட்டல். உங்கள் அடாப்டரின் மேல் 24 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெருக்கினால் 36 வாட். லைட்டோ 30 வாட். கணக்குக்குச் சரிதான், ஆனால் முழு வெளிச்சம் போட்டால் அடாப்டர் தன் சக்தியில் பெரும்பகுதியைத் தினமும் பல மணி நேரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் தொட்டிக்குக் கீழே மூடிய மர அலமாரிக்குள். நம் ஊர் சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாளில் அந்த அலமாரிக்குள் அடாப்டரைத் தொட்டால் கை சுடும். அடாப்டருக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களுக்குச் சூடுதான் எமன். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. மலிவான அடாப்டரில் போட்டிருக்கும் கெப்பாசிட்டரின் தரமும் அதற்கேற்றபடிதான் இருக்கும். அது பலவீனமானதும், குறைந்த சுமையில் அடாப்டர் சமாளித்துவிடும். முழுச் சுமை ஏற்றிச் சூடானதும் வோல்டேஜ் விழும், பாதுகாப்புச் சுற்று அணைக்கும், உடனே திரும்பப் போடும். அதைத்தான் நீங்கள் சிமிட்டலாகப் பார்க்கிறீர்கள். நீல விளக்கு இழுப்பது கொஞ்சம் கரண்ட். டிம் செய்தாலும் சுமை குறைகிறது. அதனால்தான் அப்போதெல்லாம் நல்ல பிள்ளையாக எரிகிறது.

ஒயரின் நடுவில் இருக்கும் டைமர் கண்ட்ரோலரும் இதே வேலையைச் செய்யக்கூடும் என்பதால் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரே வழி, நல்லதென்று தெரிந்த இன்னொரு 24 வோல்ட் அடாப்டரைப் போட்டுப் பார்ப்பது. எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். போர் தண்ணீரின் உப்புக்குப் பயந்து நம் பக்கம் வீட்டுக்கு வீடு ஆர்ஓ மெஷின் வைத்திருக்கிறோம். சமையலறையில் மாட்டும் மெஷின்களில் பெரும்பாலானவற்றின் மோட்டார் ஓடுவது 24 வோல்ட் அடாப்டரில்தான், அதுவும் பொதுவாக 1.5 ஆம்பியரோ அதற்கு மேலோ. உங்கள் ஆர்ஓ சர்வீஸ்காரரிடம் கேட்டால் ஒரு நாளைக்கு ஒன்று இரவலாகக் கிடைக்கும். மேலே எழுதியிருக்கும் வோல்டேஜ் அதே 24 ஆக இருக்க வேண்டும், ஆம்பியர் 1.5 அல்லது அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை, லைட் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். லேப்டாப் சார்ஜரை மாட்டிப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட்; உங்கள் லைட் மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது, நீங்கள் வேறு முடிவுக்குப் போய்விடுவீர்கள்.

ஆர்ஓ அடாப்டரின் முனை வேறு மாதிரி இருக்கும், நேராக உங்கள் லைட்டில் சேராது. சிசிடிவி கேமரா மாட்டுகிறவர்கள் பயன்படுத்தும் பச்சை நிற டிசி பின் ஒன்று உண்டு. பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், அதில் ஒயரைச் செருகி முறுக்கினால் போதும், ஈயம் வைக்க வேண்டாம். ஆண் பின் (செருகும் முனை) இரண்டும் பெண் பின் (செருகிக்கொள்ளும் முனை) ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், ஏன் என்று அடுத்து சொல்கிறேன். பிளஸ், மைனஸ் என்று அதிலேயே போட்டிருக்கும். மாறிப் போகாமல் மாட்ட வேண்டும். லைட்டில் செருகும் முன் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பின்னின் நடுத்துளையிலும் கறுப்பை வெளி உலோகத்திலும் வையுங்கள். எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்தால் ஒயர் தலைகீழாக இருக்கிறது. உங்கள் பழைய அடாப்டரின் லேபிளிலும் நடுவில் பிளஸ் என்று காட்டும் சின்ன வட்டப் படம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பழைய அடாப்டரை அளக்கும் வேலை. சும்மா பின்னில் மீட்டரை வைத்து 24 வந்துவிட்டது, அடாப்டர் நல்லது என்று முடிவுகட்டுகிறவர்கள்தான் அதிகம். சுமை இல்லாதபோது செத்துக்கொண்டிருக்கும் அடாப்டரும் 24 காட்டும். லைட் எரிந்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். பெண் பின்னில் இருந்து ஆண் பின்னுக்கு இரண்டு துண்டு ஒயர் போட்டு, அடாப்டருக்கும் லைட்டுக்கும் நடுவில் அதைச் செருகுங்கள். வெளியே தெரியும் அந்த ஸ்க்ரூ தலைகளில் மீட்டர் முனைகளை வைக்கலாம். கடையில் விற்கும் மஞ்சள் நிற மலிவு மீட்டராக இருந்தால் டிசியில் 200 என்ற இடத்தில் வையுங்கள். 20-இல் வைத்தால் 24 வோல்ட் அதற்குள் அடங்காது, இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நிற்கும், அதைப் பார்த்து ஒரு வோல்ட் என்று நினைத்துவிடுவீர்கள். முழு வெளிச்சத்தில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். சிமிட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் 24 அப்படியே நின்றால் அடாப்டர் மேல் பழியில்லை, கண்ட்ரோலரையோ லைட்டையோ சந்தேகப்படலாம். எண் கீழே விழுந்து விழுந்து எழுந்தால் திருடன் அகப்பட்டான். இந்தக் காட்சியை, மீட்டரும் சிமிட்டும் லைட்டும் ஒரே ஃபிரேமில் தெரியும்படி மொபைலில் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வீடியோ பின்னால் பத்து மெயிலின் வேலையைச் செய்யும்.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. அடாப்டர் லேபிளில் ஒரே வோல்டேஜுக்குப் பதிலாக 24-42V, 300mA என்பது போல ஒரு வீச்சு எழுதியிருந்தால் அது கரண்ட்டை நிலையாக வைக்கும் டிரைவர். அதற்குப் பதிலாகச் சாதாரண அடாப்டரை மாட்டக் கூடாது, எல்இடி கருகிவிடும். உங்களுடையது அப்படி இல்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இருக்கலாம்.

கரண்ட் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பில்டர், ஹீட்டர், ஏர் பம்ப், லைட் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், அதுவும் தொட்டிக்கு நேர் கீழே என்றால் இடத்தை மாற்றுங்கள். ஒயர் தொட்டியிலிருந்து இறங்கி, பிளக்குக்கும் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்கில் சேர வேண்டும். ஒயர் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கை வைக்கும்போது எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் லைட்டுக்கு முன்னால் அதற்குச் செலவு செய்யுங்கள் என்பேன்.

அடுத்தது அணைந்துபோன அந்த ஆறு. வெள்ளை எல்இடி ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும். 24 வோல்ட் லைட்டில் ஆறேழு எல்இடியை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து, மிச்ச வோல்டேஜுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டு ஒரு கூட்டமாக அமைப்பார்கள். அப்படிப் பல கூட்டங்கள். ஒரு கூட்டத்தில் ஒரு எல்இடி அறுந்தாலும், ஒரு ஈயப்புள்ளி விரிசல் விட்டாலும், அந்த ஆறும் சேர்ந்து அணையும். மற்றவை எரியும். சரியாக ஆறு, அதுவும் பக்கத்துப் பக்கத்தில் என்று நீங்கள் எண்ணிச் சொன்னது நல்லதாகப் போயிற்று. உபயோகித்தவரின் தவறால் இப்படி ஆவது அரிது. ஈயம் வைத்ததில் குறை அல்லது எல்இடியிலேயே குறை. அடாப்டரை மாற்றினாலும் இது சரியாகாது. வாரண்டியில் நீங்கள் அழுத்திக் கேட்க வேண்டியது இதைத்தான்.

செல்லர் எந்தப் பக்கம் திரும்புவார் என்றும் இப்போதே சொல்லிவிடலாம். "உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டியில் வராது" என்பார். நம் ஊர்த் தண்ணீருக்கு லைட்டின் கண்ணாடியிலும் ஓர மூடியிலும் வெள்ளையாக உப்பு படியத்தான் செய்யும், அதைப் போட்டோவில் பார்த்ததும் பிடித்துக்கொள்வார். அதனால் உப்பைத் துடைக்கும் முன் ஒரு போட்டோ, பிளக்கைப் பிடுங்கி வினிகர் நனைத்த துணியால் துடைத்த பின் ஒரு போட்டோ. கண்ணாடிக்கு உள்பக்கம் நீர்த்துளியோ செம்பின் பச்சைக் களிம்போ இல்லை என்பது இரண்டாவதில் தெளிவாகத் தெரியும். அதைவிட முக்கியம், விற்பனைப் பக்கத்தில் "வாட்டர்ப்ரூஃப்" என்றோ ஐபி 67, ஐபி 68 என்று நீர் புகாத் தரக் குறியோ போட்டிருந்தால் இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தண்ணீர் புகுந்து கெடக் கூடாது. அப்படிச் சொல்லி விற்றுவிட்டுத் தண்ணீர் புகுந்தது என்று கையை விரித்தால், சொன்ன தரத்தில் பொருள் இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டதாக ஆகும். இந்தப் பக்கங்கள் சத்தமில்லாமல் மாறும், அதனால்தான் இன்றைக்கே என்கிறேன்.

இனி யாருக்கு எழுதுவது என்பது. கஸ்டமர் கேர் சாட்டில் இனி நேரத்தைக் கொட்டாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ரிட்டர்ன் தேதியைத் தாண்டி எதுவும் செய்யும் அதிகாரம் இல்லை. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி, இப்படி விற்கும் ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் எங்காவது இருக்கும், தேடுங்கள். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ செல்லர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. பொருள் வாங்கியவர் எழுத்தில் கேட்டால் செல்லரின் தலைமையக முகவரி, மெயில் எல்லாவற்றையும் தளம் கொடுத்தாக வேண்டும். இது பலருக்குத் தெரியாது. "செல்லரைக் கேளுங்கள்" என்று தட்டிக்கழித்தார்கள் அல்லவா, "சரி, முகவரியைக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

மெயிலில் கோபம் வேண்டாம், கதையும் வேண்டாம். இவ்வளவு போதும்: "இந்தத் தேதியில் இந்த ஆர்டர் எண்ணில் வாங்கிய லைட்டில் இரண்டு கோளாறுகள் உள்ளன. ஒன்று, அடாப்டர் முழுச் சுமையில் 24 வோல்ட் தருவதில்லை. அளவீட்டு வீடியோ இணைத்துள்ளேன். இரண்டு, ஒரு வரிசையில் ஆறு எல்இடி எரிவதில்லை, போட்டோ இணைத்துள்ளேன். லைட்டைத் திறக்கவில்லை. ஒரு வருட வாரண்டி இன்னும் நடப்பில் உள்ளது. செல்லருக்கு இந்தத் தேதிகளில் எழுதியும் தீர்வு இல்லை. மாற்றுப் பொருளோ முழுப் பணமோ தர வேண்டும். செல்லரின் முழு முகவரியையும் தெரிவிக்கவும்." பில்லையும் பழைய சாட்டின் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து, செல்லரின் மெயிலுக்கு ஒரு நகல் போட்டு அனுப்புங்கள்.

அதற்குப் பிறகு செல்லர் திடீரென்று முழித்துக்கொண்டு "லைட்டை கூரியரில் அனுப்புங்கள்" என்று ஒரு நம்பரில் இருந்து மெசேஜ் போடலாம். சும்மா அனுப்பிவிடாதீர்கள். எந்த முகவரிக்கு, யார் செலவில், எத்தனை நாளில் மாற்று வரும் என்பது மெயிலில் வரட்டும். கட்டும் முன் லைட்டும் அடாப்டரும் லேபிள் தெரிய ஒரு வீடியோ. பழுதான அடாப்டரையும் கூடவே அனுப்புங்கள், இரவல் அடாப்டரைத் தப்பித்தவறி உள்ளே வைத்துவிடாதீர்கள்.

ஒரு மாதம் ஆகியும் அசைவு இல்லையென்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து, எண் கொடுத்து, அந்தக் கம்பெனிக்கு அனுப்பிவைப்பார்கள். அவர்கள் நீதிமன்றம் இல்லை, உத்தரவு போட முடியாது. ஆனாலும் அரசாங்கப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் போனால் உள்ளே யாராவது ஃபைலைத் திறந்து பார்க்கிறார்கள். சின்னத் தொகைத் தகராறுகள் பலதும் இந்தக் கட்டத்திலேயே முடிவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; செல்லர் டெல்லியில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும் வேலூர் ஆணையத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். ஆனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், 2,800 ரூபாய்க்காக அலைய எல்லாருக்கும் பொறுமை இருக்காது. சட்டம் மூன்று மாதம், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. நடப்பில் அதைவிட இழுக்கும். நானாக இருந்தால் அதற்கு முன் செல்லருக்கும் தளத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, பதினைந்து நாள் கெடு வைப்பேன். அதற்கும் மசியாதவர்கள் மேல் வழக்குப் போடுவதில் ஒரு திருப்தி இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இந்த ஒன்றிரண்டு மாதமும் தொட்டி என்ன ஆகும் என்று கவலைப்பட வேண்டாம். மீனுக்கு லைட் தேவையே இல்லை, ஜன்னல் வெளிச்சம் போதும். செடிகளுக்குத்தான் வேண்டும். வீட்டில் மாட்டும் 6500 கெல்வின் எல்இடி பல்பு 12 வாட்டில் இரண்டு, கிளிப் வைத்த ஹோல்டரில் தொட்டிக்கு மேல், தினம் ஆறேழு மணி நேரம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் எல்லாம் இதில் ஜாம் ஜாமென்று இருக்கும். சிவப்பு ரொட்டாலா வெளுக்கும், பிறகு தேறிவிடும். வெளிச்சம் குறைந்திருக்கும் வரை, செடிக்காக விடும் சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) வாயுவையும் உரத்தையும் குறையுங்கள். லைட் எரியாத நேரத்தில் சிஓடூ ஓடினால் செடிக்குப் பயனில்லை, மீனுக்கு மூச்சு முட்டும். தொட்டியைத் தூக்கி ஜன்னலோரம் வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். பாசியும் சூடும் சேர்ந்து வரும்.

எல்லாம் செய்தும் செல்லர் கையை விரித்துவிட்டார், வாரண்டியும் முடிந்தது என்றால் அப்போது திறக்கலாம். செத்த எல்இடியின் மஞ்சள் பரப்பில் பெரும்பாலும் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். எல்இடிகள் அலுமினியத் தகட்டின் மேல் இருப்பதால் அது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டில் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு அசையாது. எல்இடி டிவியின் பேக்லைட் மாற்றும் மெக்கானிக்கிடம் கொடுங்கள், அவர்களுக்கு இது தினசரி வேலை. செத்த ஒன்றை மட்டும் ஒயரால் இணைத்து மற்ற ஐந்தையும் எரிய வைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மிச்ச ஐந்துக்கும் அளவுக்கு மேல் கரண்ட் போய், அவையும் சீக்கிரம் போகும். திரும்ப மூடும்போது தொட்டி ஒட்டும் சிலிக்கானைப் பூசாதீர்கள். காயும்போது வினிகர் வாடை அடிக்கிறதே, அந்த அமிலம் கண்ணாடிக்கு ஒன்றும் செய்யாது, செம்புத் தடத்தை அரித்துவிடும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள்.

அடாப்டர் மட்டும் புதிதாக வாங்குவதானால் 24 வோல்ட், 2 அல்லது 2.5 ஆம்பியர் எடுங்கள், கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கும். லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) குறியும் அதனோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் அது யாருடையது, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். மாட்டும்போது அலமாரிக்கு வெளியே, காற்றுப் படும் இடத்தில், தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் மாட்டிவிடுங்கள்.